ஆர்பிஜி விதிகள்: இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது எது, அச்சு நூலில் மட்டும் இருப்பது எது?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடும் ஆர்பிஜி (ரோல்-பிளேயிங் கேம், ஆளுக்கொரு பாத்திரமாகி ஆடும்) ஆட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கருத்துகள் தவறாமல் வரும். “விதிகள் எல்லாமே இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, புத்தகத்துக்குச் செலவழிப்பது வீண்” என்பார் ஒருவர். “புத்தகம் வாங்காமல் விளையாடுவது திருட்டு” என்பார் இன்னொருவர். இரண்டுமே சரியில்லை. ‘இலவச விதிகள்’ என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு பொருள்களைச் சேர்த்துப் பேசுவதால்தான் இந்தக் குழப்பம். அவற்றில் ஒன்று ஆட்டத்தைக் கற்றுத்தர எழுதப்பட்டது. ஒன்று புதிய ஆட்டங்களை எழுதுபவர்களுக்காக வெளியிடப்பட்டது. ஒன்றில் முழு ஆட்டமும் இருக்கிறது. ஒன்று உண்மையிலேயே திருட்டு. தன் கையில் இருப்பது எது என்று தெரியாமல் தொடங்கும் குழு இரண்டாவது, மூன்றாவது அமர்விலேயே தடுமாறிவிடும்.

## விதிநூலுக்குள் என்னென்ன இருக்கிறது?

ஆர்பிஜியில் ஒருவர் ஜிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர். உலகத்தையும் அதிலுள்ள எதிரிகளையும் ஊர்மக்களையும் அவர் கையாள்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு, அது என்ன செய்கிறது என்று சொல்வார்கள். செய்வது பலிக்குமா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும்.

இந்த ஆட்டத்துக்கான நூலைப் பிரித்துப் பார்த்தால் நான்கு வகை விஷயங்கள் கிடைக்கும்.

முதலாவது, அடிப்படை இயக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில், அதாவது ஐந்தாம் பதிப்பில், ஒரு போர்வீரர் வாளை வீசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வலிமை 16. அதற்குரிய கூட்டெண் 3. புதிதாகத் தொடங்கும் முதல் நிலைக் கேரக்டருக்கு உரிய பயிற்சிக் கூட்டெண் 2. இருபது முகப் பகடையில் விழும் எண்ணோடு மொத்தம் 5 சேர்த்து, எதிரியின் கவச எண்ணை எட்டினால் அடி விழும். கவச எண் 15 என்றால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 55 சதவீதம். ஆட்டம் முழுவதும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. சில பக்கங்களில் சொல்லி முடித்துவிடலாம்.

இரண்டாவது, பட்டியல்கள். மந்திரங்கள், அரக்கர்கள், ஆயுதங்கள், போர்வீரர், மந்திரவாதி போன்ற கேரக்டர் வகுப்புகள். நூலின் பெரும்பகுதியை இவைதான் அடைத்துக்கொள்ளும். மூன்றாவது, வழிகாட்டுதல்: அமர்வை எப்படித் தொடங்குவது, எதிரியை எவ்வளவு கடுமையாக வைப்பது, ஆடும் வீரர்கள் எதிர்பாராததைச் செய்தால் எப்படிச் சமாளிப்பது. நான்காவது, அந்த உலகத்தின் வரலாறு, பெயர்கள், ஓவியங்கள்.

இணையத்தில் சட்டப்படி இலவசமாக வெளியாகும் தொகுப்புகளில் முதல் வகை ஏறக்குறைய எப்போதும் இருக்கும். இரண்டாவது வகையில் எவ்வளவு இருக்கும் என்பது தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். மூன்றாவது பெரும்பாலும் குறைவு. நான்காவது அநேகமாக இருக்காது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி விளங்கிவிடும்.

## எஸ்ஆர்டி: அகராதியும் பாடநூலும்

ஒரு மொழியைப் புதிதாகக் கற்க வருபவரிடம் அகராதியைக் கொடுத்தால் என்ன ஆகும்? எல்லாச் சொற்களும் அதில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் சரியான பொருளும் இருக்கிறது. ஆனால் எந்தச் சொல்லை முதலில் கற்பது, வாக்கியத்தை எப்படி அமைப்பது என்று அது சொல்லாது. அகராதியின் குறை என்று இதைச் சொல்ல முடியாது. அதன் வேலையே வேறு. கற்றவர் தேடிப் பார்ப்பதற்கு அகராதி, கற்பதற்குப் பாடநூல்.

எஸ்ஆர்டி எனப்படும் ‘சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட்’ அகராதியின் இடத்தில் நிற்கிறது. ஓர் ஆட்டத்தின் விதிகளில் பிறர் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பதிப்பகம் அனுமதித்த பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து, ஓவியமும் கதையும் இல்லாமல் வெளியிடும் ஆவணம் அது. அதன் முதல் வாசகர் புதிதாக ஆடவருபவர் அல்லர். அந்த விதிகளை வைத்துச் சாகசமோ (மேசையில் ஆடுவதற்கான கதை) துணைநூலோ எழுதப்போகும் எழுத்தாளர்தான். தேடினால் அகப்படும் இலவச விதித் தளங்களில் பல இந்த ஆவணத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து ஏற்றியவை. அதனால்தான் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பவருக்குத் தலை சுற்றுகிறது.

## ஒரே பெயரில் நான்கு பொருள்கள்

எஸ்ஆர்டியை மேலே பார்த்தாயிற்று. இரண்டாவது, தொடக்க விதிகள். பதிப்பகமே புதியவர்களுக்காக எழுதி இலவசமாகத் தரும் சுருக்கம் இது. கால் ஆஃப் கதுல்ஹு ஆட்டத்துக்கு இப்படி ஒரு விரைவுத் தொடக்க நூல் இருக்கிறது. அதில் விதிச் சுருக்கத்தோடு, விளையாடத் தயாரான ஒரு சாகசமும் சேர்ந்தே வரும். ஜர்ப்ஸ் (GURPS) ஆட்டத்தின் ‘லைட்’ பதிப்பு 32 பக்கங்களில் அடங்கிவிடுகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கும் 2014 முதலே ‘பேசிக் ரூல்ஸ்’ என்ற இலவசத் தொகுப்பு உண்டு. அதையும் எஸ்ஆர்டியையும் ஒன்றென்று நினைப்பவர்கள் ஏராளம். முன்னது விளையாடுவதற்காகத் தரப்படுவது. அதைப் பிரதியெடுத்து உங்கள் நூலில் சேர்க்க உரிமை கிடையாது. பின்னது உங்கள் நூலில் சேர்ப்பதற்காகவே தரப்படுவது.

மூன்றாவது, முழு விதிகளும் இலவசமாக இருக்கும் ஆட்டங்கள். பாத்ஃபைண்டர் ஆட்டத்தின் விதிகள் அதன் பதிப்பகமான பைசோவின் ஒப்புதலோடு ‘ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ்’ தளத்தில் கிடைக்கின்றன. சாகச நூல்களின் கதைப்பகுதி நீங்கலாக வகுப்புகள், மந்திரங்கள், அரக்கர்கள் எல்லாம் அங்கே உண்டு. ஃபேட் கோர் விதிகளின் உரை, எவரும் எடுத்துப் பயன்படுத்த இடம் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. பேசிக் ஃபேன்டசி ஆட்டத்தின் பிடிஎஃப் இலவசம், அச்சுப்பிரதி ஏறக்குறைய அடக்கவிலை. தனியாகவே விளையாடக்கூடிய அயர்ன்ஸ்வோர்ன் ஆட்டத்தின் முழு நூலும் 2018 முதல் இலவசம். “இலவச விதிகளை வைத்து முழுதாக விளையாட முடியாது” என்பவர்கள் இவற்றைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

நான்காவது, அனுமதியில்லாத பிரதிகள். அச்சு நூலின் உரையை அப்படியே தட்டச்சு செய்து ஏற்றிய விக்கிகளும் ஸ்கேன் கோப்புகளும் இவை. சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். மேசையிலும் இவை தொல்லை தரும். இத்தகைய தளங்களில் அதிகாரபூர்வ விதிகளும் ரசிகர்கள் தாங்களாக எழுதிய விதிகளும் ஒரே பட்டியலில், ஒரே வடிவமைப்பில் கலந்து கிடக்கும். பலம் மிகுந்த ஒரு வகுப்பை அங்கிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டு வந்தால் மற்றவர்களின் கேரக்டர்கள் பார்வையாளர்களாகிவிடும். ஜிஎம் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு மூன்று அமர்வுகள் கெட்டுப்போயிருக்கும்.

பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. பக்கத்தின் அடியிலோ ஆவணத்தின் முதல் பக்கத்திலோ உரிமத்தின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பதிப்பகத்தின் தளத்திலிருந்து அந்த இடத்துக்கு இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அதை நம்பிக் கேரக்டர் உருவாக்க வேண்டாம்.

## ஒரு பதிப்பகம் ஏன் இலவசமாகத் தர வேண்டும்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வெளியானது. அதை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனத்தை 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கியது. 2000-ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்போடு ‘ஓபன் கேம் லைசென்ஸ்’, சுருக்கமாக ஓஜிஎல், என்ற உரிமமும் வந்தது. அங்கே பணியாற்றிய ரையன் டான்சி இதை முன்னின்று கொண்டுவந்தார். கணக்கு எளிது: மற்ற பதிப்பகங்கள் தனித்தனி விதிமுறைகளை உருவாக்குவதற்குப் பதிலாக நம் விதிகளுக்கே சாகசங்கள் எழுதினால், அவற்றை விளையாடும் ஒவ்வொருவருக்கும் நம் அடிப்படை நூல் தேவைப்படும்.

இந்தக் கணக்கு ஆவணத்திலேயே தெரிந்தது. அந்தக் கால எஸ்ஆர்டியில் கேரக்டரின் திறன் எண்களை உருட்டி எடுக்கும் முறையும், அனுபவப் புள்ளிகளால் நிலை உயரும் முறையும் வேண்டுமென்றே விடப்பட்டிருந்தன. அச்சு நூல் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்கவே முடியாது. இலவசத் தொகுப்பில் இருக்கும் ஓட்டைகள் கவனக்குறைவால் வருபவை அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு இல்லை.

2008-இல் வந்த நான்காம் பதிப்புக்கு இந்தத் திறந்த உரிமம் பொருந்தவில்லை. கட்டுப்பாடுகள் மிகுந்த வேறொரு உரிமம் கொடுத்தார்கள். ஆனால் பழைய எஸ்ஆர்டி ஏற்கெனவே திறந்துவிடப்பட்டிருந்ததால், அதை அடித்தளமாக வைத்து பைசோ 2009-இல் பாத்ஃபைண்டரை வெளியிட்டது. ஒரு பதிப்பகம் கைவிட்ட விதிகள் இன்னொரு பதிப்பகத்திடம் உயிரோடு தொடர்ந்தன. திறந்த உரிமத்தின் மெய்யான மதிப்பு இதுதான் என்பது என் கருத்து. பணம் மிச்சமாவதைவிட, நாம் விரும்பும் ஆட்டம் ஒரே நிறுவனத்தின் முடிவால் மறைந்துபோகாது என்ற உறுதி பெரியது.

அந்த உறுதியை 2023 ஜனவரி அசைத்துப் பார்த்தது. ஓஜிஎல்லின் புதிய வரைவு ஒன்று வெளியே கசிந்தது. அதுவரை புழக்கத்தில் இருந்த பழைய ஓஜிஎல் 1.0ஏ இனி ‘அங்கீகரிக்கப்பட்ட’ உரிமம் இல்லை என்று அது சொன்னது. ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேல் வருவாய் ஈட்டும் பதிப்பகங்கள், அந்த வரம்பைத் தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை உரிமைத்தொகை தர வேண்டும் என்றது. பிரச்சினையின் வேர் பழைய உரிமத்தின் 9-ஆவது பிரிவில் இருந்தது. ‘அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பதிப்பையும் பயன்படுத்தலாம்’ என்று அது கூறியது. அங்கீகாரத்தைத் திரும்பப் பெற முடியுமா, முடியாதா என்று எங்கும் கூறவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தொழிலே அந்த வரியின் மேல் நின்றிருந்தது.

எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. அதே மாதம் 27-ஆம் தேதி விசார்ட்ஸ் பின்வாங்கி, 2014 விதிகளுக்கான 5.1 எஸ்ஆர்டி முழுவதையும் கிரியேட்டிவ் காமன்ஸ் ஆட்ரிபியூஷன் 4.0 உரிமத்தில் வெளியிட்டது. பைசோவும் வேறு பல பதிப்பகங்களும் சேர்ந்து, எந்த ஒரு ஆட்ட நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத ஓஆர்சி என்ற உரிமத்தை அதே ஆண்டு கொண்டுவந்தன. 2024-ஆம் ஆண்டு விதிகளுக்கான 5.2 எஸ்ஆர்டியும் 2025-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலேயே வந்தது.

சுருக்கமாக: இலவச விதிகள் தயவால் வந்தவை அல்ல, தவறுதலாக வந்தவையும் அல்ல. கணக்குப் போட்டுத் தரப்பட்டவை. எதைத் தருவது, எதைப் பிடித்துவைப்பது என்ற முடிவு ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது.

## சட்டம் எதைக் காக்கிறது?

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு முறையையோ வழிமுறையையோ காப்பதில்லை, அதை விவரிக்கும் எழுத்தைத்தான் காக்கிறது. 1879-இல் பேக்கர் எதிர் செல்டன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கணக்குப்பதிவு முறை ஒன்றைப் பற்றிச் சொன்ன தீர்ப்பு இதன் பழைய அடித்தளம். ஆகவே ‘இருபது முகப் பகடையை உருட்டி, கூட்டெண்ணைச் சேர்த்து, இலக்கை எட்டினால் வெற்றி’ என்ற இயக்கத்தை எவரும் சொந்தம் கொண்டாட முடியாது. அதை விளக்க நூலில் எழுதப்பட்ட பத்திகளும், அதிலுள்ள பாத்திரங்களும் ஓவியங்களும் சொந்தம். ஆட்டத்தின் பெயரும் சின்னமும் வணிகக்குறிச் சட்டத்தின் கீழ் வரும்.

அப்படியானால் உரிமம் எதற்கு? இயக்கம் எங்கே முடிகிறது, எழுத்து எங்கே தொடங்குகிறது என்ற கோடு ஆர்பிஜியில் தெளிவாக இல்லை. ஒரு மந்திரத்தின் விவரத்தில் எண்களும் கற்பனையும் பின்னிக் கிடக்கின்றன. அந்தக் கோட்டை நீதிமன்றத்தில் போய்த் தேட எந்தச் சிறு பதிப்பாளரிடமும் பணம் இருக்காது. ‘இந்த ஆவணத்தில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து எடுக்கலாம், வழக்கு வராது’ என்ற வாக்குறுதிதான் உரிமம்.

மேசையில் விளையாடுபவருக்கு இதில் கவலைப்பட எதுவும் இல்லை. நண்பர்களோடு விளையாட எந்த உரிமமும் வேண்டியதில்லை. ஒரே ஒரு புத்தகத்தை ஐந்து பேர் பகிர்ந்துகொள்வதும் தவறில்லை.

## 5.1 எஸ்ஆர்டியில் எது இல்லை?

இணையத்தில் அதிகம் புழங்கும் ஆவணம் இது, ஆகவே விவரமாகவே பார்ப்போம். இதன் பிடிஎஃப் 403 பக்கம். பன்னிரண்டு வகுப்புகளும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே ஒரு உட்பிரிவு. போர்வீரருக்குச் சாம்பியன், திருடருக்குத் தீஃப், மந்திரவாதிக்கு எவொகேஷன் பள்ளி, அவ்வளவுதான். கேரக்டரின் பின்னணிகளில் அகோலைட் (கோவில் பணியாளர்) என்ற ஒன்று மட்டும். ‘ஃபீட்’ எனப்படும் சிறப்புத் திறன்களில் கிராப்ளர் என்ற ஒன்று மட்டும். ஆக, எஸ்ஆர்டியை மட்டும் வைத்துக் கேரக்டர் செய்யும் ஐந்து பேருக்கும் கடந்தகாலம் ஒரே கோவிலில்தான். வேண்டுமானால் ஜிஎம்மோடு பேசிப் புதிய பின்னணி அமைக்கலாம், அந்த ஆவணமே அதற்கு இடம் தருகிறது. 2025-இல் வந்த ஆவணத்தில் பின்னணிகள் நான்காகியிருக்கின்றன. வகுப்புக்கு ஒரு உட்பிரிவு என்ற அளவு மாறவில்லை.

அரக்கர்களில் பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்றவை கிடையாது. அவை நிறுவனத்தின் தனி அடையாளமாகக் கருதப்படுபவை, ஆகவே பிடித்துவைக்கப்பட்டுள்ளன. மந்திரங்களில் ஆட்பெயர்கள் வெட்டப்பட்டிருக்கும். அச்சு நூலின் ‘பிக்பீஸ் ஹேண்ட்’ இங்கே ‘ஆர்க்கேன் ஹேண்ட்’. ‘மெல்ஃப்ஸ் ஆசிட் ஆரோ’ இங்கே வெறும் ‘ஆசிட் ஆரோ’. புத்தகம் வைத்திருப்பவர் ஒரு பெயரைச் சொல்ல, கைப்பேசியில் தேடுபவர் “அப்படி ஒரு மந்திரமே இல்லையே” என்று சொல்லும் வாக்குவாதத்துக்குக் காரணம் இதுதான். விதி ஒன்றே, பெயர்தான் வேறு.

எண்ணிக்கையைவிட வழிகாட்டுதல் இல்லாததே தொடங்குபவருக்குப் பெரிய குறை. ஓர் எடுத்துக்காட்டு. ஓகர் என்ற அரக்கனின் பதிவைத் திறந்தால் கவச எண் 11, உயிர்ப்புள்ளி (எவ்வளவு சேதம் தாங்கும் என்ற எண்) 59, தாக்குதல் கூட்டெண் 6, அடி விழுந்தால் சேதம் எட்டு முகப் பகடை இரண்டும் கூட 4-உம், சராசரி 13 என்று இருக்கும். எவ்வளவு கடினமான எதிரி என்று காட்டும் சவால் அளவு 2. “சின்ன எண்தானே, நாலு பேர் இருக்கிறார்கள், சமாளித்துவிடுவார்கள்” என்று புதிய ஜிஎம் முதல் அமர்விலேயே அதைக் கொண்டுவந்து நிறுத்துவார்.

இப்போது முதல் நிலை மந்திரவாதியைப் பாருங்கள். உடலுறுதி 14 என்றால் அவருடைய உயிர்ப்புள்ளி 8. சராசரி அடி ஒன்றே அவரை வீழ்த்திவிடும். உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு வந்த பிறகும் மிஞ்சும் சேதம் ஒருவருடைய முழு உயிர்ப்புள்ளிக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால், மயக்கத்துக்குப் போகாமல் நேரே மரணம் என்பது விதி. அவருக்கு அந்த எல்லை 16. இரண்டு எட்டு முகப் பகடைகளில் கூட்டுத்தொகை 12 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். 64 வாய்ப்புகளில் 15. அதாவது விழும் அடிகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று அவரை அந்த இடத்திலேயே கொன்றுவிடும். வீரருக்குத் தன் கேரக்டரின் பெயரே மனத்தில் பதிந்திருக்காது, அதற்குள் ஆட்டத்திலிருந்து வெளியே.

இதைக் கணக்கிடத் தேவையான எல்லா எண்களும் எஸ்ஆர்டியில் இருக்கின்றன. ஆனால் கணக்கிட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டுமே! ஓகரைத் தூங்கிக்கொண்டிருக்கும்படி வைக்கலாம், பேரம் பேசக்கூடியவனாக்கலாம், தப்பியோட ஒரு வழியைத் திறந்து வைக்கலாம். இப்படிப்பட்ட கைத்திறனை நல்ல அச்சு நூலும், தொடக்கநிலைக்கென்று எழுதப்பட்ட சாகசமும் கற்றுத்தரும். பட்டியல் கற்றுத்தராது.

## அச்சு நூலின் பலமும் பலவீனமும்

நல்ல விதிநூலில் அத்தியாய வரிசையே பாதிப் பாடம். எதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யோசித்து அடுக்கியிருப்பார்கள். விதிக்குப் பக்கத்திலேயே அது மேசையில் எப்படி வரும் என்று ஓர் உரையாடல் எடுத்துக்காட்டு இருக்கும். எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு விஷயம் முழுதாக முடியும்படி அமைத்த நூலை மேசையில் விரித்து வைத்துவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். கைப்பேசித் திரைக்கு அந்த வசதி இல்லை. இன்னொன்று: கைப்பேசியில் விதி தேடப் போனவர் வேறெதையோ பார்க்கத் தொடங்கிவிடுவார். அமர்வு தொய்வதற்கு இது பெரிய காரணம்.

பலவீனம், அச்சான பிறகு மாறாது. நூல் வெளிவந்த பின் கண்ட பிழைகளையும் தெளிவின்மைகளையும் சரிசெய்து பதிப்பகம் வெளியிடும் பட்டியலுக்கு எரேட்டா என்று பெயர். மறு அச்சுகளில் அந்தத் திருத்தங்கள் உள்ளே சேர்ந்துவிடும். முதல் அச்சு வைத்திருப்பவரும் ஐந்தாம் அச்சு வைத்திருப்பவரும் ஒரே அட்டைக்குள் வேறு வேறு வரிகளைப் படித்துக்கொண்டிருப்பார்கள். பதிப்புரிமைப் பக்கத்தில் எத்தனையாவது அச்சு என்ற குறிப்பு இருக்கும். பழைய பிரதி வாங்கினால் முதலில் அந்தப் பக்கத்தைப் பார்த்து, எரேட்டாவை இறக்கி, பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்வது அரைமணி நேர வேலை. பிறகு வரும் பல சண்டைகளை அது தவிர்க்கும்.

மாறாமல் இருப்பது பலமாகும் நேரமும் உண்டு. 2024 ஆகஸ்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அதிகாரபூர்வ இணையக் கருவியான டி அண்ட் டி பியாண்டில், 2014 விதிப்படி செய்த கேரக்டர் தாள்களில் உள்ள மந்திரங்களையும் மாயப்பொருள்களையும் புதிய பதிப்பின் விவரங்களால் மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. நடுவில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டங்கள் எல்லாம் பாதிக்கப்படும் நிலை. எதிர்ப்பு வந்ததும் அந்த முடிவைக் கைவிட்டார்கள். அலமாரியில் இருக்கும் நூலுக்கு இப்படி நேராது. பணம் கொடுத்து வாங்கும் இணைய அணுகலை அச்சு நூலுக்குச் சமமாக எண்ண வேண்டாம். அது கணக்கோடு கட்டுண்டது, நண்பருக்கு இரவல் தரவோ விற்கவோ முடியாது. தரவிறக்கி வைத்துக்கொள்ளும் பிடிஎஃப் இந்த வகையில் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது: தேடுவதற்கு இணையம், கற்பதற்கும் மேசையில் விரிப்பதற்கும் நூல். மாறுவது இணையத்தின் இயல்பு, நிற்பது நூலின் இயல்பு.

## பதிப்புகள் கலந்தால்

மேசையில் அதிகம் நடக்கும் விபத்து இது. ஒருவர் 2014 நூலைப் பார்க்கிறார், மற்றவர் தேடலில் முதலில் வந்த 2024 விதியைப் பார்க்கிறார். இரண்டும் ஒரே ஆட்டத்தின் பெயரில்தான் இருக்கின்றன.

முதல் நிலையில் ‘கியூர் வூண்ட்ஸ்’ மந்திரம் பழைய விதியில் எட்டு முகப் பகடை ஒன்றால் குணப்படுத்தும், புதியதில் இரண்டால். களைப்பு நிலைக்குப் பழைய விதியில் ஆறு படிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விளைவு. புதிய விதியில் ஒவ்வொரு படிக்கும் இருபது முகப் பகடைச் சோதனைகளில் 2 குறையும், வேகம் 5 அடி குறையும். ஆறாவது படியில் மரணம் என்பது இரண்டிலும் பொது. எதிர்பாராத தாக்குதலில் சிக்கியவர் பழைய விதிப்படி தன் முதல் முறை முடியும்வரை எதுவும் செய்ய முடியாது. புதிய விதிப்படி, யார் முதலில் என்று முடிவுசெய்யும் முறைவரிசைக்கான பகடையில் மட்டும் பாதகம் (இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுப்பது). ஒரு பதுங்கித் தாக்குதல் சண்டையின் முடிவையே இந்த வேறுபாடு மாற்றிவிடும்.

பாத்ஃபைண்டரிலும் இதே கதை. 2023-இல் வந்த ‘ரீமாஸ்டர்’ நூல்கள் ஓஜிஎல்லைவிட்டு ஓஆர்சிக்கு மாறியதால் பல பெயர்கள் மாறின. ‘மேஜிக் மிஸைல்’ இப்போது ‘ஃபோர்ஸ் பராஜ்’. நெதிஸ் தளத்தில் பழைய பதிவுகள் ‘லெகஸி’ என்ற குறியோடு தனியே இருக்கும். அந்தக் குறியைக் கவனிக்காமல் பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கேரக்டர் செய்துவிடுவது சுலபம்.

தீர்வுக்கு ஒரு வரி போதும். முதல் அமர்வுக்கு முன்பே ‘2014 விதிகள், எஸ்ஆர்டி 5.1’ என்றோ ‘2024 விதிகள், எஸ்ஆர்டி 5.2’ என்றோ முடிவுசெய்து, ஒவ்வொரு கேரக்டர் தாளின் தலையிலும் எழுதிவையுங்கள். இணையத்தில் எதையாவது காட்டி வாதிடுபவர் அது எந்த ஆவணத்தின் எந்தப் பதிப்பு என்று முதலில் சொல்ல வேண்டும்.

## செலவில்லாமல் தொடங்கும் வழி

பதிப்பகத்தின் தொடக்க விதிகளை இறக்குங்கள். எஸ்ஆர்டியை இப்போதைக்குத் தொட வேண்டாம். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. திறன் சோதனை எப்படி நடக்கிறது, சண்டையில் ஒரு முறை எப்படிப் போகிறது என்ற இரண்டு பகுதிகளை மட்டும் ஜிஎம் இரண்டு தடவை படித்தால் போதும். வீரர்கள் தத்தம் கேரக்டர் தாளைப் புரிந்துகொண்டால் போதும். முதல் தடவை கேரக்டர்களை நீங்களே உருவாக்காமல், ஏற்கெனவே செய்துவைத்த மாதிரிக் கேரக்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கேரக்டர் உருவாக்கத்திலேயே முதல் மாலை முழுதும் கரைந்துபோய், ஆட்டம் தொடங்காமலே கலைந்த குழுக்கள் அநேகம்.

எஸ்ஆர்டி அடுத்த கட்டத்தில் கைகொடுக்கும். 403 பக்கத்தையும் அச்செடுப்பது வீண். ‘கண்டிஷன்கள்’ எனப்படும் நிலைகளின் பட்டியல், சண்டையில் செய்யக்கூடிய செயல்களின் பட்டியல், மந்திரம் பயன்படுத்துபவர் ஒவ்வொருவருக்கும் அவருடைய மந்திரங்கள் மட்டும், அன்றைய அமர்வில் வரப்போகும் அரக்கர்களின் பதிவுகள். இவற்றை மட்டும் தாளில் எடுத்து வைத்தால் அமர்வின் நடுவே தேடுவது பெருமளவு குறையும். மந்திரத்தை வீரர் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது. எழுதும்போதே விதி மனத்தில் பதியும்.

நாலைந்து அமர்வுகள் ஆன பிறகு, இந்த ஆட்டம் நமக்குப் பிடித்திருக்கிறது என்று குழு முடிவு செய்தால் அப்போது வாங்கலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்றால் மேசைக்கு ஒரு பிளேயர்ஸ் ஹேண்ட்புக், அதாவது ஆடுபவர்களுக்கான அடிப்படை நூல். ஆளுக்கொன்று தேவையில்லை. அதிலுள்ள உட்பிரிவுகளும் பின்னணிகளும்தான் இலவசத் தொகுப்பில் உடனே தட்டுப்படும் குறை. அரக்கர்களை எஸ்ஆர்டியே நீண்ட நாள் தாங்கும், ஆகவே அரக்கர் நூல் காத்திருக்கலாம். பாத்ஃபைண்டர் என்றால் வரிசை வேறு: விதிகள் முழுவதும் இலவசம் என்பதால், கற்றுத்தரும் நோக்கில் எழுதப்பட்ட தொடக்கப் பெட்டியோ சாகசமோ முதலில் வாங்கத் தகுந்தது. அயர்ன்ஸ்வோர்ன் போன்றவற்றுக்கு எதையுமே வாங்காமல் ஆண்டுக்கணக்கில் விளையாடலாம். பிடித்திருந்தால் எழுதியவருக்காக ஓர் அச்சுப்பிரதி வாங்குங்கள். அந்த வருவாயில்தான் அடுத்த இலவச ஆட்டம் எழுதப்படுகிறது.

## நீங்களே எழுத நினைத்தால்

எஸ்ஆர்டி உண்மையில் உங்களுக்காகத்தான். கிரியேட்டிவ் காமன்ஸ் ஆட்ரிபியூஷன் உரிமத்தில் உள்ள ஆவணத்தைப் பிரதியெடுக்கலாம், மாற்றலாம், எந்த மொழியிலும் பெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். விசார்ட்ஸே 5.1 ஆவணத்தைப் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளில் இதே உரிமத்தில் வெளியிட்டிருக்கிறது. தமிழில் ஒருவர் செய்வதற்கும் இதே உரிமம் போதும், தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கடமை ஒன்றுதான்: மூலத்தைக் குறிப்பிட வேண்டும். ஆவணத்தின் முதல் பக்கத்தில் அந்தக் குறிப்பு எந்தச் சொற்களில் இருக்க வேண்டும் என்று கொடுத்திருக்கிறார்கள். அதை அப்படியே எடுத்து உங்கள் நூலில் சேருங்கள், எங்கெங்கே மாற்றினீர்கள் என்றும் சொல்லுங்கள். ஐந்தாம் பதிப்போடு இணக்கமானது என்று அட்டையில் போடலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரையோ சின்னத்தையோ போட இந்த உரிமம் இடம் தராது.

தவறு நடப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்: எழுதும்போது எஸ்ஆர்டிக்குப் பதிலாக அச்சு நூலைத் திறந்து வைத்திருப்பது. நினைவிலிருந்து எழுதினாலும் இதேதான் நடக்கும். ‘பிக்பீ’ என்ற பெயரோ, மைண்ட் ஃப்ளேயரோ, இலவசத் தொகுப்பில் இல்லாத ஓர் உட்பிரிவோ தெரியாமல் உள்ளே வந்துவிடும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு மந்திரத்தின் பெயரையும் அரக்கனின் பெயரையும் எஸ்ஆர்டி பிடிஎஃப்பில் ஒருமுறை தேடிப் பாருங்கள். அகப்படாத பெயர்களை நீக்கிவிட்டு, அந்த இடத்துக்கு உங்கள் சொந்தப் படைப்பை எழுதுங்கள்.